கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்

கேள்வி: பட்டர்வொர்த் தளத்திலிருந்து எழும் போர் விமானங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். விமானியாக வேண்டுமானால் மருத்துவப் பரிசோதனையில் எதையெல்லாம் பார்ப்பார்கள்?
– எஸ்.பி.எம். மாணவன், நிபோங் திபால்

பதில்: உச்சி முதல் உள்ளங்கால் வரை, தம்பி! கண்ணுக்குத்தான் கெடுபிடி அதிகம். 1917இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட வண்ணப்புள்ளி அட்டைகளில் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். நிறக்குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. கூடை கூடையாகக் கேரட் தின்றாலும் போகாது. ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே சோதித்துக்கொள். செவி, இதயம், இரத்தம், சிறுநீர் எல்லாம் வழக்கம்போல. தொடை நீளத்தைக்கூட அளப்பார்கள்: ஆபத்தில் இருக்கையோடு வெளியே பாயும்போது முழங்கால் கருவிப்பலகையில் இடிக்கக் கூடாதே! சிறுவயதில் இழுப்போ வலிப்போ வந்திருந்தால் மறைக்காமல் சொல். மறைத்தால் ஆபத்து உனக்கு மட்டுமல்ல: நீ பார்க்கும் ஹார்னெட் போர் விமானத்தில் இரண்டு இருக்கை. பின்னால் இன்னொரு வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருப்பான்.