சிக்னலில் கொதிக்கிறது, சாலையில் ஆறுகிறது!

கேள்வி: என் பழைய போர்ஷே 944 சிக்னலில் நின்றால் சூடேறுகிறது, நெடுஞ்சாலையில் ஆறிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: பாவம், அதை விட்டுவிடுங்கள்! ரேடியேட்டர் அடைத்திருந்தால், எஞ்சின் அதிகம் உழைக்கும் நெடுஞ்சாலையில்தான் முதலில் திணறியிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று பார்க்கும் வேலையை நிற்கும்போது மின்விசிறிதான் பார்க்கவேண்டும். என் சந்தேகம் அதன்மேல்தான். முள் ஏறும்போதும் விசிறி சும்மா இருந்தால், ரேடியேட்டரில் பொருத்திய வெப்ப சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, ஒயர்களை நேரடியாக இணைத்துப் பாருங்கள். சுற்றினால் சுவிட்ச் போச்சு. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகத் தேடுங்கள். ‘விசிறி சுற்றியும் கொதிக்கிறதே’ என்பீர்களானால், கூலன்ட்டில் காற்று சிக்கியிருக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியபின், மேலே இருக்கும் காற்றுநீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கூலன்ட் ஊற்றுங்கள். சூட்டோடு மட்டும் மூடியைத் திறக்காதீர்கள், கை வெந்துவிடும்.