பனி உண்டோ?

பெறுநர்:
பயிற்சி, சுற்றறிக்கை மற்றும் படிவங்கள் பிரிவு
(எந்த மாடி என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை)

பொருள்: கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டு விண்ணப்பம்.

மதிப்பிற்குரிய பிரிவு அவர்களே,

தாங்கள் நலம்தானே? இங்கே பெண்கள் வார்டில் 20 கட்டிலில் 20 பேரும், கட்டிலுக்கு இடையே பாய் விரித்து 11 பேரும் நலமாகிக்கொண்டிருக்கிறார்கள். மணி இரவு 1.40. டூட்டியில் நான் ஒருத்தி. கூடவே பயிற்சிக்கு வந்த ஒரு பெண். பொது ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. அந்தக் கணக்குப்படி இப்போது இங்கே நடமாடும் நான் ஆறு பேர். கையெழுத்து மட்டும் ஒன்று போடுகிறேன்.

கடிதம் தமிழில் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே கேரள அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. ஆக, தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் மனுப் போடலாம். தலைவலியைத் தமிழில் சொன்னால்தான் சிக்கல்.

போன மாதம் நடத்திய பயிற்சிக்கு நன்றி. ‘நோயாளியிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேசுவது எப்படி’ என்ற வகுப்பு, முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. புன்னகைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நைட் முடித்து நேராக வந்தவள் நான். ஏசி காற்று பட்டதும் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் என் முகத்தில் தெரிந்த புன்னகையை எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றாராம் வகுப்பெடுத்தவர்.

அந்த வகுப்பில் வராத பாடம் ஒன்றைச் சொல்கிறேன். பாதி சர்வீஸ் எனக்குச் சித்தூர் தாலூகா பக்கம், மீதி தேவிகுளம் பக்கம். மலையில் ஒரு ஜனவரி மாதம். எஸ்டேட் லயத்திலிருந்து கம்பளிக்குள் சுருண்டபடி ஒரு பாட்டி வந்தார். டாக்டர் புதியவர், நல்ல பையன். “பனி உண்டோ?” என்று கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பாட்டி, “ஏ அப்பா, என்னா பனிங்கிறீக! கொழுந்தெல்லாம் கருகிப்போச்சு” என்றார். டாக்டர் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார். “சும உண்டோ?” இருமல் இருக்கிறதா என்று கேட்கிறார். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “சும்மா வருவேனா சாமி? ஒரு நாள் கூலிய விட்டுட்டுல்ல வந்திருக்கேன்!”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று வேர்த்திருந்தது. “என்னம்மா செய்யுது?” என்று கேட்டேன். “நெஞ்சுக்குழில பாறாங்கல்ல வச்சு அழுத்துன மாதிரி இருக்கு தாயி, எடது கை கடுக்குது.” அதற்குப் பிறகு ஈ.சி.ஜி. எடுக்க யாரும் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாட்டி பிழைத்துக்கொண்டார். டாக்டர் மறுநாளே ஒரு குட்டி நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் “பனி – மஞ்ஞு” என்று எழுதினார்.

நோயாளி குடித்த கஞ்சியையும் கழித்த சிறுநீரையும் மில்லி கணக்கில் எழுதுகிறோம். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு இருக்கிறது. அவர் வாயால் சொன்னதும் கேஸ் ஷீட்டில் ஏறியதும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் கட்டம் இல்லை. நான் கேட்பது அந்த ஒரு கட்டத்தை.

கட்டத்தில் அடங்காதவையும் உண்டு. கடைசி மாதவிலக்குத் தேதி என்ற இடத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண் “மாரியம்மன் நோம்பிக்கு முந்தின செவ்வாய்” என்பாள். வார்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் புரட்டித் தேதி கண்டுபிடிப்பதும் செவிலியப் பணிதான். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010-இல் அமைந்த இடமலைக்குடியில், நோயாளியைக் கம்பளியில் கட்டி மூங்கிலில் தூக்கி, ஆள் மாற்றி ஆள் காட்டுப் பாதையில் சுமந்து வந்திருக்கிறார்கள் முதுவர்கள். வந்த விதத்துக்கு நமது படிவத்தில் ஆம்புலன்ஸ், சொந்த வாகனம், ஆட்டோ. சுமந்து வந்த நான்கு பேரின் தோளையும் நான் ‘சொந்த வாகனம்’ என்றுதான் எழுதுவேன்.

ஜி.என்.எம். படித்தபோது விரிப்பின் மூலை 45 டிகிரியில் மடியவில்லை என்றால் டியூட்டர் சிஸ்டர் உருவி எறிந்துவிடுவார். இன்றும் என் மூலைகள் அப்படியே நிற்கும். தரையில் விரித்த பாய்க்கு எப்படி மூலை மடிப்பது என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை.

மே 12, செவிலியர் தினம் வந்தால் மேடையில் எங்களை ‘மாலாக’ என்கிறார்கள், அதாவது தேவதை. பணியிடக் கணக்கு இன்னும் 1961-இலேயே நிற்கிறது என்று சங்கக்காரர்கள் அதே நாளில் நோட்டீஸ் கொடுப்பார்கள். இரண்டும் பொருந்தித்தான் போகிறது. தேவதைக்கு இறக்கை உண்டு, ஆள் குறைந்தால் பறந்து சமாளிப்பாள். எனக்கு இருப்பது வெரிகோஸ் வெயின்.

என்னோடு இருக்கும் பெண் இப்போது மேசை விளக்கடியில் ஜெர்மன் படிக்கிறாள். பாவம், தப்பே இல்லை. வீட்டில் படிப்புக் கடன். கேரள அரசின் நோர்க்கா வழியாக நர்ஸுகள் ஜெர்மனிக்குப் போகிறார்கள். ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை தேறாமல் அங்கே முழு நர்ஸாக அங்கீகாரம் கிடைக்காது. ஜெர்மன்காரரின் வலி ஜெர்மனில் புரியாதவள் அவரைத் தொடக் கூடாதாம். என்ன ஒரு கறார்! இங்கே அந்தக் கறார் ஏதும் இல்லை, அவள் சேச்சி என்று கூப்பிடும் நான் இருக்கிறேன். சேச்சிக்கு ஓய்வு பெற இன்னும் 14 மாதம்.

சற்று முன் 12-ஆம் பெட் அம்மா எழுந்து உட்கார்ந்து “நெஞ்சு கரிக்குது” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சொன்னேன். ஜெர்மன் நோட்டின் ஓரத்தில் மலையாள எழுத்தில் ‘கரிக்குது’ என்று குறித்துக்கொண்டு, “சேச்சி, அப்போ காந்துறதுன்னா?” என்றாள். பதில் சொல்வதற்குள் 7-ஆம் பெட்டில் டிரிப் தீர்ந்துவிட்டது என்று கூப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆறு நர்ஸ்

பி.கு.: பதிலில் ‘பனி’ என்ற சொல் வருமானால், எந்தப் பனி என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிடவும்.