தனிமைக்கு வரிசையில் வரவும்

நார்வேயில் ட்ரோல்துங்கா என்றொரு பாறை. ஏரிக்கு மேலே சுமார் 700 மீட்டர் உயரத்தில், அந்தரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில் ஒற்றை மனிதர், கீழே நீல நீர், சுற்றிலும் மலை. படத்தில் பார்த்தால் அத்தனையும் துறந்து வந்தவர் போல இருப்பார். படத்தில் விழாத பக்கத்தில், ‘மகராசன் எப்போது இறங்குவார்’ என்று ஒரு கூட்டமே நிற்கிறது. 2010-இல் ஆண்டுக்குச் சுமார் 800 பேர் போன இடம், 2016-இல் 80,000 பேரைப் பார்த்தது. போகவர 20 கிலோமீட்டருக்கு மேல் மலைநடை. அதற்குப் பிறகுதான் இந்த ரேஷன் கடை வரிசை.

வரிசையிலும் ஒரு தர்மம் உண்டு. முன்னால் நிற்பவரின் போனைப் பின்னால் நிற்பவர் வாங்கிப் படம் எடுத்துக் கொடுக்கிறார். அவர் முறை வரும்போது இன்னொருவர். நுனிக்குப் போனதும் பையை ஓரமாக ஒளித்து, கைகளை விரித்து, முதுகைக் காட்டிவிட வேண்டும். முகத்தைக் காட்டினால் குளிரில் மூக்கு ஒழுகுவதும் பதிவாகிவிடும், தியானம் கெட்டுவிடும்.

படத்துக்குத் தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்: ‘நானும் இயற்கையும் மட்டும்.’ படத்தை எடுத்துக் கொடுத்த புண்ணியவானுக்கு ஒரு லைக் கூடக் கிடைப்பதில்லை. பேரே தெரியாதே, எங்கே போய் டேக் செய்வது?