மைசூர்ப் பருப்பின் கனடாப் பாஸ்போட்

ஸ்காபறோ,
வைகாசி மாதம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கு எரிகிற கிழமையில் உங்களிடம் பதில் கேட்பது நியாயமில்லை. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்தபிறகு ஆறுதலாக எழுதுங்கோ. ஆனால் போன கடிதத்தில் நீங்கள் வைத்த வழக்குக்கு நான் உடனே மறுமொழி சொல்லாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "வெளிநாட்டிலை எங்கட பிள்ளையள் பீட்சாவும் பர்கரும் திண்டு அடி மறந்து போச்சினம், நாங்கள் இஞ்சை பாட்டன் பூட்டன் திண்ட சாப்பாட்டைத்தான் திண்டுகொண்டிருக்கிறம்." இதுதான் வழக்கு. முதற் பாதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இரண்டாம் பாதியைத்தான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது.

முதற் சாட்சி உங்கள் குசினியிலேயே இருக்கிறது: மைசூர்ப் பருப்பு. பெயரைக் கேட்டால் கர்நாடகத்திலிருந்து மூட்டை கட்டி வந்ததுபோல இருக்கும். அந்தச் சிவப்புப் பருப்பு இந்தியாவில் விளைவது மைசூர்ப் பக்கமில்லை. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் என்று வடக்கே. அங்கே அதற்கு மசூர் என்று பெயர். மசூர்தான் எங்கள் வாய்க்குள் நுழைந்து மைசூராகியிருக்க வேண்டும். சரி, வட இந்தியப் பருப்பு என்று ஆறுதல்படலாமென்றால் அதுவும் முடியாது. உலகத்திலேயே இந்தப் பருப்பை அதிகமாக ஏற்றுமதி செய்கிற நாடு கனடா. சஸ்காச்சுவான் என்ற மாகாணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் விளைகிறது. அங்கேயும் 1970களில்தான் பெரிதாகப் பயிரிடத் தொடங்கினார்கள். இலங்கைக்கு வருகிற பருப்பில் பெரும்பங்கு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும்தான் வருகிறது. ஆகவே சித்தப்பா, பாணுக்குத் தொட்டுக்கொள்ள நீங்கள் வைக்கிற பருப்புக்கறி கனடாச் சாப்பாடு. நாங்கள் விசாவுக்கு வருசக்கணக்காக வரிசையில் நின்று வந்த பாதையில் அது எதிர்த்திசையில் ஒரு கேள்வியும் இல்லாமல் போய் இறங்கியிருக்கிறது. பாணைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அது போர்த்துக்கேயச் சொல். அதைச் சுடுகிற குசினியும், இருந்து தின்கிற கதிரையும், வைத்துத் தின்கிற மேசையும் அவர்கள் விட்டுப்போன சொற்கள்தான். வன்னியில் ஒரு காலம் பேக்கரிக்கு வெதுப்பகம் என்றும் ஐஸ்கிறீமுக்குக் குளிர்களி என்றும் பலகை போட்டார்கள். வடிவான பெயர்கள்தான். ஆனால் போறணைக்குள் போன கோதுமை மா பழைய மாதான்.

சாப்பாட்டுக்கு வைத்த பெயரைப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்று நாங்கள் நம்பிவிடுகிறோம். எனக்கென்னவோ அது கடைச்சிட்டை என்றுதான் படுகிறது. ஒரு பண்டம் எங்கே பிறந்ததென்று பெயர் சொல்லுவது அரிது. கடைசியாக யார் கையிலிருந்து வாங்கினோம், அல்லது யாரிடமிருந்து வாங்கினதாக நினைத்தோம் என்பதைத்தான் சொல்லும். சீனியைப் பாருங்கோ. சீனத்திலிருந்து வந்தது என்று பெயரே கத்துகிறது. கரும்பு நியூகினிப் பக்கத்துப் பயிர். அதன் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தையில் தேர்ந்தவர்கள் இந்தியர்கள். ஏழாம் நூற்றாண்டில் சீனப் பேரரசர் தைசோங் மகதத்துக்கு ஆள் அனுப்பி அந்த வித்தையைக் கற்றுவரச் சொன்னார். படிப்பித்தவன் பெயர் போய், படித்தவன் பெயர் நின்றுவிட்டது. கிறிஸ்மஸுக்கு இங்கே வெட்டுகிற வான்கோழியின் கதை இன்னும் மோசம். மெக்சிக்கோப் பறவை அது. ஆங்கிலேயர் அதைத் துருக்கி என்கிறார்கள். துருக்கியர் ஹிந்தி என்கிறார்கள், அதாவது இந்தியக்காரன். ஒல்லாந்தர் வைத்த பெயரில் கள்ளிக்கோட்டை ஒளிந்திருக்கிறது. போர்த்துக்கேயர் பெரு என்கிறார்கள். நாலு பேரும் விலாசம் சொன்னார்கள், ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

இனி மிளகாய்க்கு வருவோம், ஏனென்றால் எங்கள் தமிழ்ப் பெருமை நாக்கில் உறைக்கிற இடம் அதுதான். 1492இல் கொலம்பஸ் மிளகு தேடிப்போய், மிளகில்லாத கண்டத்தில் இறங்கி, அங்கே உறைத்த காய்க்கு மிளகின் பெயரையே வைத்தான். அவனைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு உரிமையில்லை. நாங்களும் அதையேதான் செய்தோம்; மிளகு போல உறைக்கிற காய், மிளகாய். எங்கள் நாட்டில் வழங்குகிற மற்றப் பெயரான கொச்சிக்காயோ கொச்சித் துறைமுகத்தைக் கைகாட்டுகிறது. அந்தத் துறைமுகத்தில் 1500ஆம் ஆண்டளவில் வந்து குந்தியவர்கள் போர்த்துக்கேயர். அதற்கு முன்னர் தமிழனுக்கு உறைப்பென்றால் மிளகுதான். சங்கத் தமிழில் கறி என்ற சொல்லுக்கே மிளகு என்றுதான் பொருள். ஆகவே எல்லாளன் செத்தல் மிளகாயைக் கண்ணால் கண்டதில்லை. இராசராச சோழன் சம்பல் தின்றதில்லை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியன் காலத்தில் மிளகாய் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவனை மட்டும் எங்கள் பந்தியில் தயக்கமில்லாமல் இருத்தலாம். இன்னொரு வேடிக்கை: 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண் அச்சிட்ட சமையற் புத்தகத்தில் கறிக்கு மிளகும் மல்லியும்தான் போடச் சொல்லியிருக்கிறாள், மிளகாய் இல்லை. நாங்கள் உப்புச்சப்பில்லாத வெள்ளைக்காரக் கறி என்று பழிக்கிற அது, உறைப்பு விசயத்தில் எங்கள் பூட்டன்களின் சட்டிக்குக் கிட்ட நிற்கிறது.

இந்த மெக்சிக்கோச் செடிக்கு வன்னியில் கிடைத்த மரியாதையை நினைத்துப் பாருங்கோ. 1970க்கும் 1977க்கும் இடையில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது செத்தல் மிளகாய்க்கு விலை ஏறியது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த பெடியள் காடு வெட்டி, கிணறு இறைத்து, மிளகாய் போட்டுக் காசு பார்த்தார்கள். 1977க்குப் பிறகு ஜே. ஆர். அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட, வெளிநாட்டு மிளகாய் வந்து விழுந்து உள்ளூர் மிளகாயின் விலையை உடைத்தது. வெளிநாட்டு மிளகாய், உள்ளூர் மிளகாய்! அத்திலாந்திக் கடலையும் இந்து சமுத்திரத்தையும் தாண்டி வந்த செடியை நாங்கள் உள்ளூர் என்று சொல்லிச் சண்டைபிடித்தோம், அதில் ஒரு பிழையும் இல்லை. உள்ளூர்க்காரன் ஆவதற்கு அந்தச் செடிக்கு வேண்டியிருந்தது முத்தையன்கட்டுத் தண்ணீரும் ஒருவனுடைய முதுகு வியர்வையும்தான்.

"கூழ் இருக்கே!" என்பீர்கள். ஒடியற் கூழ்ப் பானைக்குள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இறங்கிச் சோதனை போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கோ. மரவள்ளிக்கிழங்கு தென்னமெரிக்காக்காரன், ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்தவன். இடம்பெயர்ந்து திரிந்த நாள்களில் வன்னிக்குச் சோறாக நின்றவனும் அவன்தான், ஆகையால் அவனை ஒருவரும் பிடித்துக்கொடுக்கமாட்டார்கள். செத்தல் மிளகாயின் கதையைச் சொல்லிவிட்டேன். பயத்தங்காயின் பூர்வீகம் ஆபிரிக்கா. புளிக்கும் அதே கண்டம். அராபியர் அதற்கு இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைக்க, ஐரோப்பியர் அதை நம்பிப் புத்தகத்திலும் எழுதிவிட்டார்கள். கடைசியில் பானையில் மிஞ்சுவது ஒடியல் மாவும், முல்லைத்தீவுக் கடல் மீனும் நண்டும் இறாலும், ஒரு பிடி பலாக்கொட்டையும், உப்பும். அதைக் குடித்துப் பாருங்கோ, பிறகு சுத்தத்தைப் பற்றிக் கதைப்போம்.

இந்தப் பக்கத்துக்காரர் இதில் எங்களுக்கு இளைத்தவர்களில்லை. இங்கிலாந்தின் தேசிய அடையாளமான மீனும் சிப்ஸும் எங்கேயிருந்து வந்தன? மீனை மாவில் தோய்த்துப் பொரிப்பது ஸ்பெயினிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் ஓடிவந்த யூதர்களின் கைப்பழக்கம்; கிழங்கு அந்தீஸ் மலையில் விளைந்தது. பிரான்சின் குரோசான் வியன்னாவிலிருந்து பாரிசுக்குப் போன பேக்கரிச் சரக்கு. நாங்கள் டேனிஷ் என்று கேட்டு வாங்குகிற பணிசை டென்மார்க்கில் வியன்னா ரொட்டி என்றுதான் சொல்கிறார்கள். 2001இல் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் றொபின் குக் சிக்கன் டிக்கா மசாலாவைப் பிரித்தானியாவின் தேசிய உணவு என்றே சொல்லிவிட்டார். அதை வைத்து விற்கிற இந்தியன் றெஸ்ரோறன்றுகளில் அரைவாசிக்கு மேல் பங்களாதேசத்துச் சில்ஹெட்காரருடையவை. நீங்கள் பழிக்கிற பீட்சாவில் அன்னாசி போட்ட ஹவாயன் என்றொன்று உண்டு. அதை 1962இல் கண்டுபிடித்தவர் கிரேக்கத்தில் பிறந்த சாம் பனோபூலஸ், கண்டுபிடித்த இடம் இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் சதம் என்ற ஊர். இத்தாலிப் பண்டத்தில் தென்னமெரிக்கப் பழத்தைக் கனடாவில் ஒரு கிரேக்கர் வைத்தார். புகழ் ஹவாய்க்குப் போய்விட்டது, காரணம் அன்னாசி வந்த தகரப்பேணியில் அந்தப் பெயர் ஒட்டியிருந்தது. நான் சொன்ன கடைச்சிட்டை இதுதான்.

"அப்படியென்றால் எங்களுக்கென்று ஒன்றுமே இல்லையோ?" என்று நீங்கள் கேட்கப்போவது தெரியும். இருக்கிறது, ஆனால் அதைத் தோட்டத்தில் தேடினால் கிடைக்காது, அம்மியடியில் தேட வேண்டும். எங்கள் கறித்தூளை எடுங்கோ. மிளகாய் மெக்சிக்கோ, மல்லியும் சீரகமும் மத்தியதரைக் கடல் பக்கம், மிளகு மலையாளக் கரை. எல்லாவற்றையும் பதம் பார்த்து வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தபிறகு மெக்சிக்கோக்காரனுக்கு அது என்னவென்று தெரியாது. மல்லி விளைந்த நாட்டுக்காரனுக்கும் தெரியாது. சித்திக்குத் தெரியும். எந்த மணம் வரும்போது தாச்சியை இறக்க வேண்டும் என்ற அந்த அறிவு எந்தக் கப்பலிலும் வந்ததில்லை. சிலர் இதற்குக் காலக்கணக்குச் சொல்லுவார்கள். மிளகாய் வந்து ஐந்நூறு வருசம், அதனால் அது எங்களுடையது, பீட்சா நேற்று வந்தது, அதனால் அந்நியம் என்று. இந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. எத்தனையாம் வருசத்தில் பிரசாவுரிமை கிடைக்கும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? டிக்கா மசாலா ஒரு தலைமுறைக்குள் வெள்ளைக்காரனாகிவிட்டது. ஆட்களுக்குப் பிரசாவுரிமை மறுத்தால் என்ன நடக்கும் என்று மலையகத்தாரைக் கேட்டால் சொல்லுவார்கள். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துறையில் தேயிலைத் தோட்டம் போட்டார். அந்தச் செடி சிலோன் ரீ என்று உலகம் முழுக்கச் சிலோன்காரனாகிவிட்டது, அதன் கொழுந்தை ஆய்ந்தவர்களின் பிரசாவுரிமையை 1948இல் பறித்தார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் சிரித்துத் தட்டிவிடமாட்டேன். எல்லாமே கலப்பு என்று சொல்லிவிட்டால், யாரும் எதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போய்விடலாமே? இங்கே எங்கள் இடியப்பமும் சொதியும் எத்தனையோ கடைகளில் "சவுத் இந்தியன்" பலகைக்குக் கீழேதான் விலைபோகின்றன. பழைய காலத்தில் மெட்றாஸில் எங்கள் மிளகுதண்ணீரை வெள்ளைக்காரன் குடித்துப் பழகி, முலிகற்றோனி என்று சூப்பாக்கித் தகரப்பேணியிலும் அடைத்துவிட்டான். அதைக் காய்ச்சிக் கொடுத்த கையின் பெயர் எங்கேயும் பதியப்படவில்லை. ஆகவே செடிக்கு ஊர் கேட்பது வீண் என்றாலும் சமைத்தவருக்குப் பெயர் கேட்பது வீணில்லை என்பது என் கட்சி. செடியைக் காற்றும் கப்பலும் கொண்டுபோகும். அதற்கு உரிமை கோரினால் சிரிப்புக்கிடமாகும். பக்குவம் ஒரு ஆள் இருந்து படித்துச் செய்தது. 2023இல் பாரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த பகெத் என்ற பரிசை வென்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா. பரிசோடு பிரான்சு ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருசம் பாண் கொடுக்கிற உரிமையும் கிடைத்தது. அதற்கு முந்தின வருசம்தான் யுனெஸ்கோ பகெத்தை மனிதகுலப் பண்பாட்டுச் சொத்தென்று பட்டியலில் சேர்த்திருந்தது. பிரெஞ்சுக்காரர் யாரும் அது தமிழ்ப் பாண் என்று தள்ளிவைக்கவில்லை, எங்கள் ஆட்களும் பகெத் தமிழன் கண்டுபிடித்தது என்று கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் எனக்குக் கண்ணில் படவில்லை, கடவுளுக்கு நன்றி.

உங்களுக்கு இன்னும் மனம் ஆறாவிட்டால் வருகிற திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் கேட்டுப்பாருங்கோ. பூம்புகாரில் பிறந்து மதுரையை எரித்துவிட்டுக் கடல் கடந்து வந்து பத்தாம் இடத்தில் ஆறியிருந்தவள் என்றுதானே ஐதீகம்? அவளை ஒருவரும் இந்தியா அம்மன் என்று சொல்லுவதில்லை.

அடுத்த பார்சலில் மைசூர்ப் பருப்பு வைத்து நிறையைக் கூட்டாதேங்கோ. அது இங்கேயிருந்து வந்த வழியே திரும்பி வருகிறது. ஒடியல் மா ஒரு கிலோ, சித்தி வறுத்த தூள் அரைக் கிலோ போதும். பொங்கலில் வாங்கின கச்சான் மிஞ்சினால் அதையும் ஒரு சரை கட்டி வையுங்கோ. தென்னமெரிக்காவிலிருந்து முள்ளியவளைக்கு வந்து சேர்ந்த சாதிக்கு ஸ்காபறோ ஒரு தூரமில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள பெறாமகன்.