ஒருநாள் பயணமே, நீ வாழி!

எடின்பரோவில் தங்கியிருக்கும் விடுதி வாசலுக்கே கார் கொண்டுவந்து, காலையில் ஏற்றிக்கொண்டு, மாலையில் அதே வாசலில் இறக்கிவிடும் தனி ஒருநாள் பயணமே, உன் புகழைப் பாட வந்திருக்கிறேன். ராஸ்லின் சிற்றாலயம், மெல்ரோஸ், ட்ரைபரோ, ஜெட்பரோ, கெல்சோ ஆகிய நான்கு பழைய மடாலயங்கள் என, ஸ்காட்லாந்தின் தென் எல்லைப் பகுதி காத்துவைத்திருக்கும் செல்வங்கள் அனைத்தையும் பொழுது சாய்வதற்குள் காட்டிவிடுவதாக வாக்களிக்கிறாய். அந்த வாக்கிலிருந்து நீ தவறியதில்லை. வேந்தர்களிடம் வேகம், நடுநிலை, நாவன்மை, வீரம், அருள் ஆகியவற்றைப் பாடுவது புலவர் வழக்கம். அத்தனையும் உன்னிடம் இருக்கின்றன.

முதலில் உன் வேகத்தைச் சொல்கிறேன். டைரோன் மரபுத் துறவிகள் 1113-இல் செல்கர்க் என்ற இடத்தில் குடியமர்ந்தார்கள். கெல்சோதான் தங்களுக்கேற்ற இடம் என்று அறிந்து அங்கே பெயர்ந்தபோது 1128 ஆகிவிட்டது. பக்கத்து ஊருக்குப் போக அவர்களுக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது. மெல்ரோஸுக்கு வந்த சிஸ்டர்சியன் துறவிகள் யார்க்‌ஷர் பகுதியின் ரீவோ மடத்திலிருந்து 1136-இல் வந்தவர்கள். அவர்களை அழைத்தவர் அரசர் முதலாம் டேவிட். வந்து இறங்கியதும் மரம் வெட்டி, நீர் கொணர்ந்து, கல் உடைத்து, தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். உனக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. எடின்பரோவிலிருந்து ஜெட்பரோ வரை சுமார் எண்பது கிலோமீட்டர் தொலைவை வளைந்தும் நெளிந்தும் கடந்து, நடுவில் மதிய உணவும் கொடுத்து, எண்ணூறு ஆண்டுகளை ஒரு பகலில் முடித்துவிடுகிறாய்.

அடுத்து உன் நடுநிலை. எந்தத் தலத்துக்கும் முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் என்று அளந்து வைத்திருக்கிறாய். ராஸ்லின் சிற்றாலயத்தை 1446-இல் எழுப்பத் தொடங்கிய வில்லியம் சின்க்ளேர் 1484-இல் இறந்தார். அப்போதும் அது முடியவில்லை. பெரிய சிலுவை வடிவத் தேவாலயமாக எண்ணியதில் கிழக்குப் பகுதி மட்டுமே எழுந்தது. சுவர், தூண், வளைவு, கூரை என்று எங்கு நோக்கினாலும் கல்லில் இலையும் கொடியும் தேவதூதரும். வாயிலிருந்து கொடி கிளம்பும் பச்சை மனிதரின் முகங்கள் மட்டும் நூறுக்கு மேல். நாற்பது ஆண்டுகள் உளி ஓய்வில்லாமல் செதுக்கியவற்றுக்கும் முக்கால் மணி நேரம்தான், மேற்கு முனை மட்டும் மிஞ்சி நிற்கும் கெல்சோவுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். யாரையும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் கடிகாரத்தை நடுவராக வைத்துக்கொண்ட உன் நீதியில் கறை காண்பவர் இல்லை.

அந்தக் கற்களைக் காப்பாற்றியவர்களுக்கு உன் திறமை வாய்க்கவில்லை. 1950-களில் ராஸ்லின் சிற்பங்களைக் காப்பதாக எண்ணி உட்புறமெங்கும் சிமெண்டுப் பூச்சு பூசினார்கள். அது கல்லின் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்தது. கல் காய்வதற்காக 1997-இல் ஆலயத்துக்கு மேல் இரும்புச் சட்டத்தில் ஒரு பெருங்கூரையை எழுப்பினார்கள். அதை அகற்றியபோது 2010. கல்லுக்குள் இருந்த ஈரம் வெளியேற அவர்கள் பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார்கள். அந்தக் கல்லுக்குள் இருக்கும் அழகை உன் விருந்தினர் மதிய உணவுக்கு முன்பே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

இனி உன் நாவன்மை. ராஸ்லினுக்குள் நுழைந்ததும் பயில்வோன் தூணின் கதை தயாராக இருக்கிறது. அந்தத் தூணைச் செதுக்கும் முன் அதன் மூலத்தைப் பார்த்துவர ஆசான் ரோமுக்குப் போனாராம். அவர் திரும்புவதற்குள், கனவில் கண்டதைச் சீடனே செதுக்கி முடித்தானாம். பொறாமையில் ஆசான் சுத்தியால் அடித்து அவனைக் கொன்றாராம். அதைத் தொடர்ந்து சிலுவைப்போர்க் காலத்து டெம்பிளர் வீரர்கள், புதைந்துகிடக்கும் புதையல், புனிதக் கிண்ணம் எல்லாம் வரிசையாக வருகின்றன. 2003-இல் வெளிவந்த 'த டா வின்சி கோட்' நாவலும் 2006-இல் வந்த திரைப்படமும் அவற்றுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டன. டெம்பிளர் அமைப்பைப் போப் கலைத்தது 1312-இல். சிற்றாலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1446-இல். நடுவில் கிடக்கும் நூற்று முப்பத்து நான்கு ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் தாண்டும் உன் சொல்லாற்றலுக்கு முன் வரலாற்று ஆசிரியர்கள் வாய் திறக்க முடியாது. இந்த ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஞாயிறுதோறும் மக்கள் மண்டியிடுகிறார்கள். அது புதிர் இல்லாத செய்தி. ஆகவே அதற்கு உன் கதையில் இடம் தேவைப்படவில்லை.

எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்தெடுக்கும் உன் கூர்மையையும் சொல்ல வேண்டும். மெல்ரோஸில் நீ நேரே அழைத்துப்போவது ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் இதயத்திடம். 1329-இல் இறந்த அரசரின் இதயத்தை அவருடைய போர்த்தோழர் ஜேம்ஸ் டக்ளஸ் சுமந்து சென்றார். 1330-இல் ஸ்பெயின் மண்ணில் போரில் அவர் விழுந்தார். இதயம் திரும்பி வந்து மெல்ரோஸில் அடக்கமானது. 1921-இல் ஈயப் பேழை ஒன்று அகழ்வில் கிடைத்தது. 1996-இல் மறுபடி எடுத்து ஆராய்ந்து, 1998-இல் புதைத்து மேலே கல் பதித்தார்கள். உள்ளே இருப்பது புரூஸின் இதயம்தான் என்று முற்றாக நிறுவ முடியாது என்பது ஆய்வாளர்களின் நிலை. அந்தத் தயக்கத்தை உன் விருந்தினர்மேல் நீ ஏற்றுவதில்லை. அங்கிருந்து கூரை விளிம்புக்கு விரல் நீட்டி, பேக்பைப் ஊதும் கல்பன்றியைக் காட்டுகிறாய். குழந்தைகள் கைதட்டுகிறார்கள். காருக்குத் திரும்பும் நேரம் வந்துவிடுகிறது.

மேற்கே சற்று நடந்தால் உழைப்புத் துறவிகள் வாழ்ந்த கட்டடத்தின் அடித்தளம் நீண்டு கிடக்கிறது. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத எளிய மனிதர்கள். பாடகர் குழுவில் அவர்களுக்கு இடமில்லை. ஆடு மேய்த்தார்கள், ரோமம் கத்தரித்தார்கள், வயலில் நின்றார்கள். மெல்ரோஸின் கம்பளி கடல் கடந்து விற்ற காலத்தில் அந்தச் செல்வம் அவர்கள் கைகளில்தான் பிறந்தது. ட்வீட் ஆற்று நீரைத் திருப்பி மடத்துக்குள் ஓடவிட்ட பெரிய வாய்க்காலும் வடக்கே இருக்கிறது. அந்த மடத்தைத் தாங்கியவை அந்த வாய்க்காலும் அந்தக் கைகளும்தான். ஆனால் அரசரின் இதயத்தைப் பார்த்துவிட்டுக் கூலிக்காரரின் படுக்கையறைத் தரையையும் பார்க்கச் சொல்வது மரியாதையாகாது என்பதை நீ நன்றாக அறிந்திருக்கிறாய்.

வேறுபாடுகளால் விருந்தினரை வதைக்காத உன் மென்மையும் பெரிது. மெல்ரோஸில் இருந்தவர்கள் சிஸ்டர்சியன்கள், கெல்சோவில் டைரோன் மரபினர், ஜெட்பரோவில் அகுஸ்தீனார் மரபினர், 1150-இல் தொடங்கிய ட்ரைபரோவில் வெள்ளாடை அணிந்த பிரிமான்ஸ்ட்ரே மரபினர். ஒன்றிலிருந்து ஒன்று ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் நான்கு ஒழுக்க முறைகள், நான்கு வாழ்க்கைகள். ஐரோப்பாவில் இப்படி ஒரு நெருக்கம் எளிதில் கிடைக்காது. நீ நால்வரையும் 'துறவிகள்' என்று ஒரே போர்வைக்குள் கொண்டுவந்து அவர்களுக்குள் சமாதானம் செய்துவைக்கிறாய்.

உன் வீரத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துப் படைகள் 1322-இல் மெல்ரோஸையும் ட்ரைபரோவையும் அழித்தன. 1385-இல் இரண்டையும் மறுபடி எரித்தன. 1545-இல் ஹெர்ட்ஃபர்ட் பிரபுவின் படை நான்கு மடங்களையும் சூறையாடியது. கெல்சோவில் நூறு பேர் அளவில் உள்ளே நின்று காத்தார்கள். அவர்களில் பன்னிருவர் துறவிகள். எதிர்த்தவர்கள் வெட்டுண்டார்கள். பின் 1560-இன் மதச் சீர்திருத்தம் மீதியை முடித்தது. இவ்வளவு இரத்தத்தையும் 'காலப்போக்கில் சிதைந்தது' என்ற சொற்களால் துடைத்துவிடுகிறாய். விடுமுறைக்கு வந்தவர்களின் மனம் நோகாமல் காக்கும் உன் பரிவை யாரால் மறுக்க முடியும்?

அந்தப் படைகளால் வெல்ல முடியாத ஒன்றையும் நீ வென்றிருக்கிறாய். அது மௌனம். சிஸ்டர்சியன்கள் பேச்சைக் குறைத்து, தேவைப்பட்டால் கைச்சைகையால் பேசிக்கொண்டவர்கள். நள்ளிரவு கடந்து எழுந்து, ஒரு வாரத்துக்குள் நூற்றைம்பது திருப்பாடல்களையும் பாடி முடித்தவர்கள். ட்ரைபரோவில் துறவிகள் நாள்தோறும் கூடிய மன்றம் இன்றும் கூரையோடு நிற்கிறது. அதன் சுவரில் பழைய பூச்சும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சற்று நேரம் வாய் மூடி உட்கார்ந்தால், குரல் எதற்காக அங்கே அளந்து பயன்பட்டது என்பது காதுக்கே விளங்கும். அந்த மடாலயத்தில் 1832-இல் அடக்கமான எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பற்றியும் 1928-இல் அடக்கமான தளபதி ஹேக் பற்றியும் ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் சொல்லி, மௌனம் உள்ளே புகாமல் காவல் காக்கிறாய்.

இங்கே உன் வழிகாட்டியைத் தனியே வணங்கிக்கொள்கிறேன். அவருக்கு இவை அத்தனையும் தெரியும். மெல்ரோஸின் மேற்கே இருக்கும் அடித்தளமும் தெரியும், டெம்பிளர் கதையின் ஓட்டையும் தெரியும். கேட்டால் கண்கள் விரியச் சொல்லத் தொடங்குவார். அப்போது அவர் பார்வை கைக்கடிகாரத்துக்குப் போகும். அடுத்த ஊரில் மேசை பதிவாகியிருக்கும். அறிஞர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர் அறிவில் பெரும்பகுதி செலவாகாமல் பத்திரமாகத் திருப்பி அனுப்பும் சிக்கனம் உன்னிடம்தான் இருக்கிறது.

உன் அருளால் நாங்கள் தப்பிய துன்பங்களும் பல. 1969-இல் மூடிய ரயில் பாதையின் ஒரு பகுதி 2015-இல் மறுபடி திறந்து, எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவிடுகிறது. அங்கிருந்து மெல்ரோஸுக்கு நடந்தே போகலாம். நான்கு மடங்களையும் இணைத்து ஏறத்தாழ 109 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வட்டப் பாதை இருக்கிறது. மெல்ரோஸ் வாசலில் தொடங்கி எய்ல்டன் குன்றுகளைத் தாண்டி லிண்டிஸ்பார்ன் தீவு வரை புனித கத்பர்ட்டின் பெயரில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இன்னொரு பாதை போகிறது. அவற்றில் நடப்பவர்கள் மழையில் நனைய வேண்டும். ஊரில் இரவு தங்க வேண்டும். கடைக்காரரிடம் வழி கேட்க வேண்டும். ஏன் இந்த ஆற்று வளைவைத் துறவிகள் தேர்ந்தார்கள் என்பது கால்வலியோடு புரிந்துவிடும். அந்த அறிவிலிருந்தும் வலியிலிருந்தும் ஒருசேர எங்களைக் காத்தாய்.

எல்லாவற்றுக்கும் மேலாக நீ தனிப்பயணம். வேற்றாள் ஒருவரும் வண்டியில் ஏறமாட்டார். வாசலுக்கு வரும் அந்நியரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு துறவிகளுக்கு விதித்திருந்தது. அந்த விதியின்படி வாழ்ந்தவர்களின் வீட்டுக்கு, ஓர் அந்நியரையும் சந்திக்காமல் போய்வரும் வழியை நீ கண்டுபிடித்திருக்கிறாய்.

மாலையில் விடுதியில் இறங்கும்போது உன் விருந்தினர் மனத்தில் குறையே இல்லை. பட்டியலில் இருந்தவை அனைத்தையும் பார்த்தாகிவிட்டது. திரும்பி வரவேண்டிய கடன் எதுவும் பாக்கியில்லை. இந்த நிறைவுதான் உன் கொடைகளில் தலையாயது. படைகள் எரித்துவிட்டுப் போன பிறகு மெல்ரோஸில் துறவிகள் திரும்பவும் கல் அடுக்கினார்கள். 1385-க்குப் பின் முன்னைவிட அழகாகக் கட்டினார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்ப்பதில் பெரும்பகுதி அப்படி எழுந்ததுதான். சாம்பலில் நின்றபோதும் அங்கே தங்குவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. தீயாலும் வாளாலும் அந்தக் காரணத்தைப் பறிக்க முடியவில்லை. நீ ஒரு கல்லையும் அசைக்கவில்லை, ஒரு புல்லையும் மிதிக்கவில்லை; வந்தவர் ஒருவருக்கும் அங்கே இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று தோன்றாதபடி செய்துவிட்டாய். மூன்று படையெடுப்புகளுக்குக் கிட்டாத வெற்றி அது. அந்தப் புகழில் பங்குகேட்க வேறு யாரும் வரமாட்டார்கள்.