பக்கவாசல் பிரவேசம்

அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே இன்னொரு பெரிய கல்லூரிக்கு மாறுவது தனிக் கலை. "ஏன் மாற விரும்புகிறீர்கள்?" என்று கட்டுரை கேட்பார்கள். இருக்கும் இடத்தைக் குறை சொன்னால் நன்றிகெட்டவர். புகழ்ந்தால், பிறகு எதற்கு வருகிறீர்கள்? சிபாரிசுக் கடிதத்தையோ விட்டுப்போகும் கல்லூரியின் பேராசிரியரிடமே வாங்க வேண்டும். மறுமணத்துக்கு முதல் மாமனாரிடம் நன்னடத்தைச் சான்று கேட்பதுபோல.

1990 முதல் இந்தப் பக்கவாசலையே பூட்டி வைத்திருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2018-ல் திறந்தது: 1,429 விண்ணப்பங்கள், 13 பேருக்கு இடம்.

ஆக்ஸிடென்டல் கல்லூரியிலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறியவர் ஒபாமா. ஃபோர்டமிலிருந்து பென்சில்வேனியாவுக்கு மாறியவர் டிரம்ப். இருவருமே அதிபரானார்கள். நல்லவேளை, வெள்ளை மாளிகைக்குள் போக முந்தைய அதிபரின் சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை.