சாம்பாரில் கலக்கும் மருந்து

நம் மாவட்டத்தில் மதுவிலக்கு எப்போதாவது ஒழுங்காக இருந்ததா? (பென்னாகரம் வாசகர்)

சென்னை மாகாணத்திலேயே முதலில் வந்தது இந்த மண்ணில்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். தருமபுரி அன்று சேலத்தோடு இருந்தது. திருட்டுத்தனமாகச் சரக்கு விற்கும் சந்துக்கடைக்காரர்மீது இன்று போலீஸ் போடும் வழக்கும் அந்த 1937-ஆம் வருடச் சட்டத்தில்தான்.

டாஸ்மாக்கை மூடினால் சந்துக்கடையும் மூடிவிடுமா? (காரிமங்கலம் வாசகர்)

மூடாது. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. சந்துக்கடையில் விடியும்போதே வியாபாரம். காலையில் ஒரு கட்டிங் போடாவிட்டால் டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறவர்தான் அங்கே முதல் போணி. டாஸ்மாக் சரக்கு இல்லையென்றால் எல்லை தாண்டி கர்நாடகப் பாக்கெட் வரும். கடையை மூடுங்கள், அந்த நடுக்கத்துக்கும் வைத்தியம் பாருங்கள்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா? (அரூர் வாசகி)

வேண்டாம் அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது. அதைக் காசாக்குகிறவர்கள்மீதுதான் என் கோபம். டைசல்பிராம் என்றொரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் சாராயம் உடைந்து உண்டாகும் நச்சு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதனால்தான் டாக்டர்கள் கல்லீரலையும் இதயத்தையும் சோதித்து, அவரிடமே விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு தருகிறார்கள். பெயரில்லாத பொடியில் இந்த மருந்து கலந்திருந்து, அன்று மாலையே அவர் குடித்துவிட்டால்? தெரியாமல் கொடுக்கும் எதுவும் வைத்தியமாகாது.

கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்திய அண்ணன், மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்கிறார். சாமி குத்தமா? (நல்லம்பள்ளி வாசகர்)

இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள், இப்போதே! பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாதது தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கயிறு கையிலேயே இருக்கட்டும், நிறுத்துவது மட்டும் டாக்டர் பார்வையில் நடக்கட்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் மனநலப் பிரிவில் இதைப் பார்ப்பார்கள்.

ஒன்பதாவது படிக்கும் மகன் பையில் புதினா வாசத்தோடு குட்டித் தலையணை மாதிரி ஏதோ இருந்தது. மிட்டாயா? (பாலக்கோடு வாசகி)

புகையிலை. கூல் லிப் என்பார்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வது. புகை இல்லை, வாத்தியார் எதிரிலேயே வைத்துக்கொள்ளலாம். குட்காவோடு சேர்த்துத் தமிழ்நாடு 2013-லேயே தடை செய்த ரகம். 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் கூல் லிப் விற்பனையைக் கேள்வி கேட்டது. பையனை அடிக்காதீர்கள். எந்தக் கடையில் வாங்கினான் என்று கேளுங்கள், அந்தக் கடையைப் பற்றிப் புகார் கொடுங்கள்.

மகனுக்குக் கஞ்சாப் பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா? (பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்)

அந்தப் பயத்திலேயே பல பிள்ளைகளை இழந்திருக்கிறோம். சிறிய அளவு வைத்திருந்ததற்காக வழக்கு உள்ளவர்கூட, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவரைக் காக்கிறது. போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், காசில்லை. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கூப்பிடுங்கள் ஐயா.